அட்மின் போன பிறகு

கருவூலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு 'இரட்டைப் பூட்டு' என்றால் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முத்திரைத்தாள்களும், பிற அலுவலகங்கள் சீல் வைத்துக் கொடுத்த பெட்டிகளும் இருக்கும் அறைக்கு இரண்டு பூட்டுகள் உண்டு. ஒரு சாவி அதிகாரியிடம் இருக்கும், மற்றொன்று இன்னொரு பொறுப்பாளரிடம் இருக்கும். ஒருவர் மட்டும் வந்தால் கதவு திறக்காது. மாற்றுச் சாவிகள் சீல் வைக்கப்பட்டு வேறோர் இடத்தில் இருக்கும். மாறுதலில் போகிறவர், வருகிறவரிடம் எல்லாவற்றையும் எண்ணிக் காட்டி ஒப்படைக்க வேண்டும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் போகிறவருக்கு விடுதலை.

நான் சேர்ந்த புதிதில் இருந்த ஒரு மூத்த கணக்கர் இதற்கு ஒரு விளக்கம் சொல்வார். "தம்பி, இது திருடனுக்காக மட்டும் போட்ட பூட்டு இல்லே. சாவி வச்சிருக்கறவன் நாளைக்கு இல்லேன்னாலும் ஆபீஸ் நடக்கணுமே, அதுக்கும் சேர்த்துத்தான்."

இன்று நம் எல்லோர் கைபேசியிலும் பத்து இருபது குழுக்கள் இருக்கின்றன. தெருக்காரர்கள் குழு, ஓய்வூதியர் குழு, பௌர்ணமிக்குக் கிரிவலம் போகிறவர்கள் குழு, பங்காளிகள் குழு. ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்மின் உண்டு. அவர் கையில் இருக்கிற சாவியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் பழைய கதை.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலமாக. திருவண்ணாமலைக்கு அது பிரவுசிங் சென்டர் உருவத்தில் வந்து சேரச் சில வருஷங்கள் ஆயின. 2000 வாக்கில் என் மகன் பொறியியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். லீவில் வந்தால் தேரடி வீதிப் பக்கம் இருந்த ஒரு சென்டரில்தான் கிடப்பான். அப்படி என்னதான் செய்கிறான் என்று ஒரு நாள் நானும் கூடப் போனேன். திரையில் எழுத்துகள் ஓடிக்கொண்டே இருந்தன. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிற தமிழர்கள், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி, "சாப்டாச்சா" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூரில் இருந்த என் மைத்துனருடன் பேச ஐ.எஸ்.டி. பூத்தில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசிய எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. அன்றைக்கே நானும் ஒரு பெயர் வைத்துக்கொண்டேன்: அருணை58. பிறந்த வருஷம்.

இந்த ஏற்பாட்டுக்கு 'இன்டர்நெட் ரிலே சாட்', சுருக்கமாக ஐ.ஆர்.சி. என்று பெயர். பின்லாந்தில் ஊலு பல்கலைக்கழகத்தில் இருந்த யார்க்கோ ஓய்காரினென் என்பவர் 1988 ஆகஸ்டில் இதை உருவாக்கினார். வாட்ஸ்அப்பைவிட இருபது வருஷம் மூத்தது. இதில் 'சேனல்' என்பது ஒரு கூடம். யார் வேண்டுமானாலும் ஒரு கூடத்தைத் தொடங்கலாம். முதலில் நுழைகிறவர் பெயருக்கு முன்னால் ஒரு '@' குறி வந்துவிடும். அவர்தான் கூடத்துக்குப் பொறுப்பு. வம்பு செய்கிறவரை வெளியே தள்ளலாம், திரும்ப வராமல் தடுக்கலாம், வேறொருவருக்கும் அந்தக் குறியைக் கொடுக்கலாம்.

இதில் ஒரு ஓட்டை இருந்தது. பொறுப்பு என்பது அந்த ஆள் உள்ளே இருக்கிற வரைக்கும்தான். தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் வந்த காலம் அது. வீட்டில் யாராவது ரிசீவரை எடுத்தால் இணைப்பு போய்விடும். திரும்பி வருவதற்குள் அவருடைய '@' போயிருக்கும். சில சமயம் அவர் பெயரையே வேறொருவர் எடுத்து வைத்துக்கொண்டு, "நான்தான் அவர்" என்று பேசிக்கொண்டிருப்பார். எல்லோரும் வெளியேறிவிட்டால் கூடமே மறைந்துவிடும். அடுத்து வருகிறவர்தான் முதலாளி. ஆள் எப்போது அசருவார் என்று காத்திருந்து கூடத்தைப் பிடித்துக்கொள்வதையே வேலையாக வைத்திருந்தவர்களும் உண்டு.

இதற்கு மாற்றாக வந்தவைதான் 'சர்வீசஸ்' என்கிற மென்பொருள்கள். 1994-ல் தொடங்கிய டால்நெட் என்ற வலையில் இவை பேர்பெற்றன. பிறகு மற்ற பல வலைகளும் எடுத்துக்கொண்டன. இவை ஆட்கள் இல்லை. ஆனால் ஆட்களைப் போலவே ஒரு பெயருடன் எந்நேரமும் வலையில் இருக்கும்.

'நிக்சர்வ்' என்பது பெயர்ப் பதிவாளர். அதனிடம் என் பெயரைக் கடவுச்சொல்லோடு பதிந்து வைத்தால், வேறு யாரும் அருணை58 என்று உலவ முடியாது. இணைப்பு போன பிறகும் நம் பழைய பெயர் கொஞ்ச நேரம் உள்ளே தொங்கிக்கொண்டிருக்கும். அதற்கு அங்கே 'ஆவி' என்றே பெயர். கடவுச்சொல்லைச் சொன்னால் நிக்சர்வ் அந்த ஆவியை விரட்டிவிட்டு நம்மை உள்ளே விடும். 'மெமோசர்வ்' தபால்காரர், இல்லாதவருக்குச் சேதி வாங்கி வைத்துக் கொடுப்பார். 'சேன்சர்வ்' என்பது கூடத்தின் காவலாளி. கூடத்தைத் தொடங்கியவர் யார், அவருக்குக் கீழே அதிகாரம் உள்ளவர்கள் யார் யார், உள்ளே விடக்கூடாதவர்கள் யார் என்ற பட்டியல் அதனிடம் இருக்கும். நிறுவியவர் தூங்கப் போனாலும், ஊருக்குப் போனாலும், பட்டியல்படி கூடம் நடக்கும்.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது வேறொன்று. அனோப் போன்ற மென்பொருள்களில் கூடத்தைப் பதிவு செய்கிறவர் 'வாரிசு' ஒருவரையும் குறித்து வைக்கலாம். பல நாள் வராமல் இருந்து நிறுவியவரின் பெயர்ப்பதிவு காலாவதி ஆகிவிட்டால், பொறுப்பு தானாக வாரிசுக்குப் போகும். வாரிசு எழுதாமல் விட்டால் கூடத்தின் பதிவே நீங்கிவிடும். அதைப் பற்றி மகன் சொன்னபோது, நம் ஆபீஸ் பழக்கம் இந்தப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் நினைத்தேன். இருபது வயசுப் பையன்கள் தங்களுக்குப் பிறகு யார் என்று எழுதி வைத்துவிட்டு அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது நம் காலத்துக்கு வருகிறேன்.

2018 மே மாதம் நம் மாவட்டத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையிலிருந்து குடும்பத்தோடு காரில் வந்த 65 வயது அம்மா ஒருவர், வழியில் நின்ற இடத்தில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று அதற்குச் சில நாட்களுக்கு முன்பிருந்தே வாட்ஸ்அப்பில் பரவிக்கொண்டிருந்த பொய்ச் சேதி ஊர்க்காரர்கள் மனதில் இருந்தது. கூட்டம் கூடி அடித்ததில் அந்த அம்மா இறந்துபோனார். கூட வந்தவர்களும் படுகாயம் அடைந்தார்கள். அந்த வருஷம் நாட்டின் வேறு பல இடங்களிலும் இப்படி நடந்தது. ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு சேதியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதே 2018 நடுவில்தான் 'அட்மின் மட்டுமே எழுதலாம்' என்று குழுவைப் பூட்டிவைக்கும் வசதியும் வந்தது.

எங்கள் ஓய்வூதியர் குழுவை நடத்தி வந்த நண்பர் என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். போளூர்க்காரர். அத்திமூர் சம்பவத்துக்குப் பிறகு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று சொன்னார். "நம்ம குரூப்லேயும்தான் அந்த ஆடியோ வந்துச்சு. ஆணை பார்த்து, ரூல் பார்த்து வேலை செஞ்ச ஆளுங்க நாம. நாமளே பார்வர்டு பண்ணினா யாரைக் குறை சொல்றது?" என்றார். புது வசதி வந்ததும் குழுவைப் பூட்டிவிட்டார். அதன் பிறகு அவர் ஒருவர்தான் எழுதுவார். எங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவருக்கு அனுப்புவோம். அவர் விசாரித்து, சரியாக இருந்தால் போடுவார்.

நாலு வருஷம் அந்தக் குழு அவ்வளவு சுத்தமாக நடந்தது. அகவிலைப்படி அரசாணை, நேர்காணல் விவரம், மருத்துவக் காப்பீட்டில் மாற்றம் எல்லாம் முதலில் அங்கேதான் வரும். அதைவிட முக்கியமாக ஒன்று உண்டு. ஓய்வு பெற்றவர்கள் குழு என்றால் மரணச் செய்தி இல்லாமல் இருக்குமா? யார் போனாலும், பெயர், கடைசியாகப் பணியாற்றிய இடம், வீட்டு விலாசம், எடுக்கும் நேரம் என்று நாலு வரியில் அவர் போட்டுவிடுவார். செய்யாறு, வந்தவாசி, ஆரணி, செங்கம் என்று எங்கிருந்தாலும் அதைப் பார்த்துத்தான் பஸ் ஏறுவோம். 212 பேர் இருந்தோம்.

2022 ஐப்பசியில் ஒரு ராத்திரி அவர் மாரடைப்பில் போய்விட்டார்.

காலையில் சேதி எனக்கு வந்தது. உடனே குழுவைத் திறந்தேன். கீழே எழுதும் இடமே இல்லை. அட்மின் மட்டுமே சேதி அனுப்பலாம் என்று மட்டும் வந்தது. அட்மின் அவர் ஒருவர்தான். எல்லோர் மரணத்தையும் எங்களுக்குச் சொன்னவரின் மரணத்தைச் சொல்ல வழியில்லாமல் இருந்தது. மூன்று நான்கு பேர் பிரித்துக்கொண்டு போன் போட ஆரம்பித்தோம். மழைக்காலம். பாதிப் பேர் எடுக்கவில்லை. மதியமே எடுத்துவிட்டார்கள். வந்தவர்கள் முப்பது பேர் இருக்கலாம். அவரோடு வேலை பார்த்த ஆரணி நண்பர் ஒருவருக்குப் பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகுதான் தெரிந்தது. அவர் எனக்குப் போன் செய்து ஒன்றும் பேசாமல் அழுதார்.

அட்மின் தானாக வெளியேறினால், மீதி இருக்கிறவர்களில் ஒருவரை வாட்ஸ்அப்பே அட்மின் ஆக்கிவிடும். ஆனால் இறந்தவர் வெளியேறுவதில்லை. அவர் பெயர் அட்மின் என்ற பட்டத்தோடு அப்படியே இருக்கிறது. இதில் யாரையும் குறை சொல்ல இடமில்லை. அவர் செய்தது நல்ல காவல். காவலுக்கு ஒரு மாற்று ஆள் இல்லை, அவ்வளவுதான்.

சும்மா இருந்த இடத்தில் பூனை படுத்துக்கொள்ளும் என்பார்கள். இரண்டே வாரத்தில் இரண்டு புதுக் குழுக்கள் கிளம்பின. ஒன்றில் காலை வணக்கப் படமும் கட்சிச் சண்டையும். இன்னொன்றில் உடனடிக் கடன் தருகிறேன் என்று யாரோ ஒரு ஆள் எப்படியோ நுழைந்து இணைப்பு அனுப்பிக்கொண்டிருந்தான். நம் வயசுக்காரர்களின் ஓய்வூதியக் கணக்கைக் குறிவைக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் ஏது? 'எது நம்ம குரூப்?' என்று எனக்குத் தினமும் போன்.

ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். கேட்கவே தயக்கமாக இருந்தது.

"அண்ணி, அண்ணன் போன் எங்கே இருக்கு?"

"இங்கேதான் இருக்கு தம்பி. தினமும் சார்ஜ் போட்டு வச்சுடறேன். யாராவது கூப்பிடறாங்க. அவர் இல்லேன்னு சொல்லணுமில்லே."

விஷயத்தைச் சொன்னேன். பூட்டுத் திறக்கத் தெரியுமா என்று கேட்டேன். அவர் விரலால் ஒரு கோலம் போடுவார், பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது என்று கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திறந்தார். குழுவைக் காட்டினேன். கடைசியாக அவர் போட்டிருந்தது, தாம் இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு வேறொரு நண்பரின் மரணச் செய்தி. அண்ணி அதைப் படித்துவிட்டு, விரலால் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"இவரோட சேதி இதுலே வரலியா தம்பி?"

ஏன் வரவில்லை என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என்ன பண்ணணும், சொல்லுங்க" என்றார். நான் சொல்லச் சொல்ல, அவரே தம் விரலால் என்னையும் இன்னும் இரண்டு நண்பர்களையும் அட்மின் ஆக்கினார். நான் வீட்டுக்கு வந்து, அவர் எழுதுகிற அதே பாணியில் நாலு வரி எழுதிப் போட்டேன். பெயர், கடைசியாகப் பணியாற்றிய இடம், மறைந்த தேதி. அன்று ஒரு நாள் மட்டும் குழுவைத் திறந்து விட்டோம். நூற்றைம்பது பேருக்கு மேல் எழுதினார்கள். அண்ணி அவ்வளவையும் படித்திருக்கிறார். மறுநாள் போன் செய்து, "அவர் பேரை மட்டும் எடுத்துடாதீங்க தம்பி, நான் பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றார். எடுக்கவில்லை. ஆனால் அட்மின் பொறுப்பை மட்டும் அவரிடம் சொல்லிவிட்டு நீக்கினோம்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. நிக்சர்வில் பெயர் காலாவதி ஆவதைப் போல, கைபேசி எண்ணும் காலாவதி ஆகும். ரீசார்ஜ் நின்று எண் துண்டிக்கப்பட்டால், குறைந்தது 90 நாள் கழித்து அதை வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது டிராய் நடைமுறை. 120 நாள் தொடாமல் கிடந்தால் வாட்ஸ்அப் கணக்கும் பொதுவாக நீங்கிவிடும். கணக்கு நீங்குவதற்கு முன்பே அந்த எண் புது ஆளின் கைக்குப் போனால் குழப்பம்தான். பழையவர் பெயரிலேயே யாரோ ஒரு அந்நியர் நம் கைபேசியில் வருவார். அருணை58 என்று வேறொருவர் உலவியதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. அண்ணி மட்டும் இன்றுவரை அந்த எண்ணுக்குத் தவறாமல் ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறார்.

இதையெல்லாம் மகனிடம் சொன்னபோது, பட்டியல் எழுதி வைத்தவர்களுக்கும் ஒரு பாடம் நடந்தது என்று ஒரு கதை சொன்னான். ஐ.ஆர்.சி. உலகில் ப்ரீநோட் என்று ஒரு பெரிய வலை இருந்தது. கட்டற்ற மென்பொருள் ஆட்கள் கூடும் இடம். சென்னை லினக்ஸ் பயனர் குழுவுக்கும் அங்கே ஓர் அறை உண்டு. 2021 மே மாதம் அதன் உரிமை யாருக்கு என்று தகராறு வந்து, நடத்திக்கொண்டிருந்த தன்னார்வலர்கள் மொத்தமாக விலகி லிபெரா என்ற புது வலையைத் தொடங்கினார்கள். புது இடத்தின் பெயரைப் பலகையில் எழுதி வைத்த எழுநூறுக்கும் மேற்பட்ட சேனல்களைப் பழைய வலை தன் வசம் எடுத்துக்கொண்டது. அடுத்த மாதம் பழைய பதிவேட்டையே விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கியது. பல வருஷமாகப் பதிந்து வைத்த பெயர்கள், நிறுவியவர், வாரிசு எல்லாம் ஒரே நாளில் இல்லாமல் போயின. காவலாளிக்கு மேலே முதலாளி ஒருவர் இருக்கிறார் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

அதனால் நாங்கள் இன்னொன்றும் செய்தோம். 212 பேரின் பெயர், ஊர், எண், வீட்டில் உள்ள இன்னொருவரின் எண் எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் எழுதினோம். வட்டத்துக்கு ஒருவர் வீதம் நகல் வைத்திருக்கிறார்கள். கைபேசி போனாலும், கம்பெனி போனாலும் நோட்டு இருக்கும்.

அட்மின் ஆகச் சொன்னால் நம்மில் பலர் பயப்படுகிறார்கள். "யாரோ எதையோ போட்டா போலீஸ் என்னைப் பிடிக்கும்" என்கிறார்கள். பயம் நியாயம்தான், ஆனால் தேவைக்கு மேல் வேண்டாம். உறுப்பினர் ஒருவர் போட்டதற்கு, கூட்டுச் சதியோ பொது நோக்கமோ இல்லாதபோது அட்மினைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று 2021-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர்க் கிளை சொன்னது. அதே வருஷம் டிசம்பரில் நம் மதுரைக் கிளையும், ஒருவர் அட்மினாக மட்டும் இருந்தார், வேறு பங்கில்லை என்றால் வழக்கிலிருந்து அவர் பெயரை நீக்க வேண்டும் என்றது. 2022-ல் கேரள உயர் நீதிமன்றமும் இதே கருத்தைச் சொன்னது. எனவே துணிந்து பொறுப்பேற்கலாம்.

நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பதிவைப் படித்து முடித்ததும் உங்கள் குழுக்களைத் திறந்து, அட்மின் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவர்தான் என்றால் இன்றைக்கே மூன்றாக்குங்கள். அதில் ஒருவராவது நம்மைவிடப் பதினைந்து வயது இளையவராக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க ரகசிய எண் போட்டு, அதை வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வையுங்கள். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போகிறோமே, அது மாதிரிதான்.

எங்கள் குழு இப்போது நன்றாக நடக்கிறது. மூன்று அட்மின்களில் ஒருவர் ஆரணியில் இருக்கிறார், இன்னொருவர் வந்தவாசியில். சேதி எதுவாக இருந்தாலும் இரண்டு பேர் பார்த்த பிறகுதான் ஏறும். இரட்டைப் பூட்டுக்காரர்கள் அல்லவா, அது மட்டும் மாறவில்லை.